உள்நுழைவு முயற்சி வரம்பு

உள்நுழைவு முயற்சி வரம்பு என்பது ஒரு கணக்கின் கடவுச்சொல்லைப் பிறர் திரும்பத் திரும்ப ஊகித்துப் பார்ப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு முறையாகும். தவறான முயற்சிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அந்தக் கணக்கோ, முயற்சி வரும் இணைய முகவரியோ சிறிது நேரம் முடக்கப்படும்.

இதைப் புரிந்துகொள்ளப் பூட்டே நல்ல எடுத்துக்காட்டு. தாடிக்கொம்புக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள திண்டுக்கல்லின் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. லீவர் பூட்டில் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் சாவியின் பற்கள் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். தகடுகள் கூடக்கூடக் கள்ளச்சாவி போடுவது கடினம். கடவுச்சொல்லின் நீளமும் அப்படித்தான். நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வாய்ப்புகளே உண்டு. எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கோ சுமார் 20,880 கோடி. ஆனால் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டதுபோல் தேர்ந்தெடுத்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பேரனின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தால் பொருந்தாது.

1818இல் இங்கிலாந்தில் ஜெரமையா சப் ஒரு புதுவகைப் பூட்டைச் செய்தார். கள்ளச்சாவி ஏதேனும் ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு இறுகிக்கொள்ளும். யாரோ கைவைத்திருப்பது உரிமையாளருக்கும் தெரிந்துவிடும். இன்றைய முயற்சி வரம்பு செய்வதும் இதையே.

வரம்பு மட்டும் போதாது என்பதை 2013 ஏப்ரல் காட்டியது. வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் இணையதளங்களைப் பல்லாயிரம் முகவரிகளிலிருந்து தாக்கினார்கள். ஒரு முகவரியை முடக்கினால் அடுத்தது வந்தது. 'அட்மின்' என்ற பயனர் பெயரே முதன்மை இலக்கு. 2010 வரை அந்த மென்பொருள் தானாகவே கொடுத்துவந்த பெயர் அது. பாதிச் சாவியை வாசலிலேயே தொங்கவிட்டது போல.

வரம்பை மிகக் கடுமையாக வைப்பதிலும் ஆபத்து உண்டு. வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைத் தட்டி, உரிமையாளரையே வெளியே நிறுத்திவிடலாம். தேர்வு முடிவு வரும் நாளில் ஒரு மாணவருக்கு இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2017 வழிகாட்டுதலில், தொடர் தோல்விகளுக்கு 100 என்ற உச்ச வரம்பை வைத்தது. அதற்குள், ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் காத்திருப்பு நேரத்தைக் கூட்டும் வழியையும் சொல்கிறது.

ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்பவருக்கு இந்த வரம்பு உதவாது. ஓரிடத்தில் கசிந்த சொல், மற்றோரிடத்தில் முதல் முயற்சியிலேயே திறந்துவிடும். அதற்குத்தான் இருபடிச் சரிபார்ப்பு. கைப்பேசிச் செயலி தரும் எண் பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும். குறுஞ்செய்தியிலும் எண் வரலாம். கேட்காமலே அத்தகைய எண் வந்தால், கடவுச்சொல் வேறொருவர் கையில் இருக்கக்கூடும். எண்ணை யாரிடமும் சொல்லாமல், கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும்.