கால் பெருவிரல் புடைப்புக்கு ஆபரேஷன்



கால் பெருவிரலின் அடிமூட்டு உள்பக்கமாகப் புடைத்து, விரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர்கள் இதைப் 'பனியன்' என்பார்கள். உடுத்தும் பனியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"எலும்பு வளர்ந்துட்டுது" என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் எலும்பு இடம் விலகியிருக்கிறது. பாதத்தின் முதல் நீள எலும்பு உள்பக்கம் நகர, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. நடுவில் உண்டான மூலைதான் புடைப்பாகத் தெரிகிறது. ஆகவே, பெரும்பாலும் எலும்பை வெட்டி, நேராக்கி, ஸ்க்ரூவோ கம்பியோ வைத்துப் பொருத்துவார்கள்.

வலி இல்லையென்றால் ஆபரேஷன் வேண்டாம். பார்வைக்கு நன்றாக இல்லை என்பதற்காகச் செய்துகொள்ளும்படி நான் சொல்ல மாட்டேன். முதலில் முன்பக்கம் அகலமான செருப்பைப் போட்டுப் பாருங்கள். விரல் நேராகாது, ஆனால் வலி குறையலாம். அதற்கும் அடங்காமல் நடையே தடைப்பட்டால் எலும்பு சிகிச்சை டாக்டரிடம் காட்டவும்.

சர்க்கரை வியாதி இருந்தால் முன்கூட்டியே கட்டுப்படுத்த வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், அறவே விடவும். கால் வீங்கும் என்பதால் மெட்டியையும் கழற்றத்தான் வேண்டும். இதில் சாஸ்திரம் பார்க்காதீர்கள்.

முதுகிலோ கணுக்காலைச் சுற்றியோ ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரம். அன்றோ மறுநாளோ பலரும் வீடு திரும்பிவிடலாம். சிரமம் அதற்குப் பிறகுதான்.

முதல் இரண்டு வாரம் காலைத் தலையணை மேல், நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக எழுந்தால், கொடுத்த விசேஷச் செருப்போடு, டாக்டர் காட்டியபடி குதிகாலில் பாரம் வைத்து நடக்கவும். குந்தி உட்கார முடியாது. கம்மோடு நாற்காலி தேவைப்படும். கட்டு நனையக் கூடாது.

இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். "தையல்தான் பிரிச்சாச்சே" என்று எழுந்து வேலை செய்வதுதான் பெரிய தப்பு. கூடியது தோல், எலும்பு கூட ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். என் சொந்த அக்கா மூன்றாம் வாரம் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். பொருத்திய எலும்பு விலகி, மறுபடி ஆபரேஷன். வீட்டில் நாலு ஆண்கள் இருந்தும் ஒருவரும் குடத்தைத் தொடவில்லை. அதில் நானும் ஒருவன்.

ஆகவே, தேதி குறிக்கும் முன்பே ஆறு வாரத்துக்குத் தண்ணீர் எடுப்பது யார், அடுப்படி பார்ப்பது யார் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு காலிலும் புடைப்பு இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்துகொள்வது வீட்டுக்கும் சௌகரியம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் அகலமான செருப்பு போடலாம். டாக்டர் சொல்லும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். சொன்ன நாளிலிருந்து விரலை மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் மூட்டு இறுகும். சாயங்கால வீக்கம் மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட இருக்கும், பயப்பட வேண்டாம். சிலருக்கு விரலில் மரமரப்பு தங்கலாம். புடைப்பு திரும்பவும் வரலாம்.

ஆனால் காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, சிவப்பு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதுவும் அன்றே காட்ட வேண்டியது. மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, நடு ராத்திரி ஆனாலும் 108-க்குப் போன் செய்யவும்.