அறுபது வீதம் எண்டால், எதில அறுபது?

போன எபிசோடில் சென்சர் தரவைப் பற்றிக் கதைக்கும்போது "ஒரு லாப் கதை இருக்கு" எண்டு சொல்லிவிட்டு, நேரம் போதாமல் விட்டேன். அது இதுதான்.

ஜெர்மனியில் ஒரு ஆய்வுகூடம். கருவிகளின் தரவைச் சேமிக்கும் மென்பொருள் எழுதும் கொன்ட்ராக்ட் எனக்கு. அங்கே பிஎச்டி செய்த எங்கட தங்கச்சி ஒருத்தி, ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து உள்ளே இருக்கும் என்சைமை எடுப்பவள். ஒருநாள் வந்து கேட்டாள்: "அண்ணா, மூன்று மாதமா என்சைம் குறைஞ்சுகொண்டே வருது. உங்கட புரோகிராம் பிழையா எழுதுதோ?"

புரோகிராம் சரியாத்தான் எழுதியது. ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ளிட்டியூட் 60%. அந்த ஒரு எண் போதும் எண்டு நினைத்ததுதான் என் பிழை.

அவள் பாவித்தது அல்ட்ராசவுண்ட் கருவி. டைட்டானியக் கம்பி ஒன்று செக்கனுக்கு 20,000 தடவை அதிரும். நுனிக்குக் கீழே நுண்குமிழிகள் தோன்றி உடையும். அந்த அடியில்தான் பாக்டீரியாவின் சுவர் கிழியும். அதே குமிழிகள் நுனியையும் அரிக்கும். கம்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய முகம், பொளிஞ்ச அம்மி மாதிரி இருந்தது. திரைக்கு அது தெரியாது. 60% எண்டது அசைவின் அளவு மட்டுமே, திரவத்துக்குள் போன சக்தி இல்லை. சக்தியை ஜூலில் கருவியே கணக்கிட்டுக் காட்டியது. நான்தான் அதைச் சேமிக்கவில்லை.

செல் உடையேல்லை எண்டு அவள் நேரத்தைக் கூட்டியிருக்கிறாள். சூடு ஏறி, வெளியே வந்த என்சைமும் கெட்டுப்போனது. ஐஸுக்குள் வைத்து, 10 செக்கன் ஓட்டி 20 செக்கன் ஆறவிடுவது சும்மா சம்பிரதாயம் இல்லை.

1897இல் எடுவார்ட் பூக்னர் ஒரு கிலோ யீஸ்ட், ஒரு கிலோ குவார்ட்ஸ் மணல், 250 கிராம் கீசல்கூர் சேர்த்து அரைத்து, 400-500 வளிமண்டல அழுத்தத்தில் பிழிந்தார். அரை லிட்டர் சாறு. கெடாமல் இருக்கச் சர்க்கரை போட, உயிர்ச்செல் இல்லாத சாறு நுரைத்தது! அதுக்குத்தான் 1907 நோபல். அவர் எழுதிவைத்த அளவுகளைப் பார்த்து இன்றைக்கும் நீங்கள் செய்துபார்க்கலாம். என் தரவை வைத்து அந்த மூன்று மாதத்தைத் திரும்பச் செய்ய ஏலாது.

புதுக் கருவி வாங்குவம் எண்டு பேச்சு வந்தது. பிரெஞ்ச் பிரஸ் அருமையாக உடைக்கும், ஆனால் ஒவ்வொரு மாதிரியாகத்தான் போடலாம், ரப்பர் வளையங்களும் தேயும். தடித்த சுவருள்ள பசிலஸ் என்றால் 0.1 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளோடு குலுக்கும் மில் நல்லது. ஈ.கோலைக்குப் பழைய கருவியே போதும். நுனியை நைசான சாண்ட்பேப்பரால் மினுக்கலாம். குழி ஆழமெண்டால் மாற்றத்தான் வேணும், மேலும் தேய்த்தால் நீளம் குறைந்து அதிர்வு பொருந்தாது. பெர்லினில் பண்டெலின், பக்கத்து டெல்டோவில் ஹீல்ஷர் என்று செய்பவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். வாங்கமுதல் கருவியின் விலையைவிட நுனியின் விலையைக் கேளுங்கோ.

நுனி மாற்றினோம். மென்பொருளில் இப்போ ஜூல், வெப்பநிலை, நுனி ஓடிய நேரம் மூன்றும் பதிவாகும். அந்த மூன்று மாத வேலையில் பாதியை அவள் திரும்பச் செய்தாள். திருத்திய நாட்களுக்கு நான் பில் போடேல்லை.