இணைய ஏலத்தில் நாணயம்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள்களில் வழங்குகிறது. அரசு முத்திரையிட்டு வெளியிடும் காசு என்பது ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை என்பது மற்றொன்று. காசைக் கையில் வாங்கிச் சுண்டி ஓசை கேட்டு, விற்பவர் முகத்தையும் பார்த்து வாங்கிய நாட்களில் இவ்விரு நாணயங்களையும் ஒருசேரச் சோதித்துக்கொள்ள முடிந்தது. இணையத்தின் வழி நடைபெறும் ஏலத்திலோ காசும் கண்முன் இல்லை. அதற்கு உரியவரும் கண்முன் இல்லை. ஒரு படத்தையும் நாலு வரி விவரத்தையும் நம்பி விலை கூற வேண்டியிருக்கிறது. பழங்காசு சேர்ப்பதில் ஆர்வங்கொண்ட மாணவர் பலர் இன்று இவ்வழியில் புகுகின்றனர். ஆதலின் இவ்வழியில் உள்ள மேடு பள்ளங்களை அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு 'ஈபே' தொடங்கப்பட்டதிலிருந்து இணைய ஏலம் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் அந்நிறுவனம் 2004-இல் நுழைந்தது; அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. எனினும் இம்முறை ஓயவில்லை. நாணயத்துக்கென்றே தனி ஏல நிறுவனங்களும், பொதுச் சந்தைத் தளங்களும் இப்போது இயங்குகின்றன. இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. சிற்றூரில் வாழும் ஒரு மாணவர் தொலைதூர நகரத்தில் விலைக்கு வரும் காசை வீட்டிலிருந்தே காண்கிறார். ஆயினும் வாய்ப்புப் பெருகிய இடத்தில் வஞ்சகமும் பெருகுவது உலக இயல்பு.

முதற்கண் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். பழமை மட்டுமே ஒரு காசுக்கு விலை தருவதில்லை. முதலாம் இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆயினும் ஏராளமாகக் கிடைப்பதால் சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயோ நூறு ஆண்டுகூட நிறையாதது. அருமை காரணமாக அதன் விலை பன்மடங்கு உயர்ந்து நிற்கிறது. எத்தனை காசு எஞ்சியுள்ளது, எந்நிலையில் உள்ளது, எத்தனை பேர் அதை நாடுகின்றனர் என்னும் மூன்றுமே விலையை உறுதிசெய்கின்றன.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டு ரூபாய் இதற்கு நல்ல சான்று. மன்னர் அணிந்த மேலங்கியில் யானை வடிவம் ஒன்று இருந்தது. அது பன்றிபோல் தோன்றுகிறது என்று மக்கள் குறைகூறினர். குறிப்பாக முஸ்லிம்கள் மனம் புண்பட்டனர். அரசு அக்காசைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கியது. 1912 முதல் யானையின் உருவம் தெளிவாகத் தெரியும்படி அச்சுத் திருத்தப்பட்டது. உருக்காமல் தப்பிய 1911 காசுகளே இன்று சேகரிப்போரால் தேடப்படுகின்றன. தேடப்படும் காசுக்குப் போலியும் பிறக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போலிகள் மூவகைப்படும். ஒருபோதும் வெளியிடப்படாத காசைக் கற்பனையாகச் செய்வது முதல் வகை. ஒரு புறம் இராமர் பட்டாபிடேகக் காட்சியும், மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் பொறித்த செம்புத் துண்டுகள் ஏலங்களில் அடிக்கடி தென்படும். அத்தகைய காசைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டென்று கூறி இலட்சக்கணக்கில் பணம் பறிப்போரும் உளர். காசினுள் காந்தத்தை மறைத்து, அரிசியில் இரும்புத் துகளைப் பொதிந்து வைத்தால் அரிசி நகரத்தான் செய்யும்; அதில் அற்புதம் ஏதுமில்லை. உண்மைக் காசின் ஆண்டைத் திருத்துவது இரண்டாம் வகை. எளிதிற் கிடைக்கும் 1938-ஆம் ஆண்டு ரூபாயின் 8 என்னும் எண்ணைச் செதுக்கி 9 ஆக்குவர். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அவ்வெண்ணைச் சுற்றியுள்ள பரப்பு சுரண்டப்பட்டிருப்பது தெரியும். வார்ப்பில் ஊற்றியெடுப்பது மூன்றாம் வகை. அச்சடித்த காசின் எழுத்து கூர்மையாய் இருக்கும். வார்த்த காசின் எழுத்து மழுங்கியிருக்கும், பரப்பில் நுண்ணிய குழிகள் காணும், விளிம்பில் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும்.

இங்கே பள்ளியில் கற்ற இயற்பியல் கைகொடுக்கும். 1939 வரை வெளிவந்த ஆங்கிலேய இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 91.7 பங்கு வெள்ளி. 1940-இல் வெள்ளியின் பங்கு 50-ஆகக் குறைக்கப்பட்டது, எடையோ மாறவில்லை. ஆகவே தராசு மட்டும் போதாது. காசை நூலில் கட்டி, தராசின்மேல் வைத்த நீர்க்குவளையில் அடி தொடாமல் முழுக்கினால், தராசு காட்டும் எடை சிறிது கூடும். காசு விலக்கும் நீரின் எடையே அந்தக் கூடுதல். பழைய ரூபாய்க்கு அது 1.13 கிராம் அளவில் இருக்கும். 1940-க்குப் பிந்தியதற்கு 1.22 கிராம் அளவில் இருக்கும். செம்பும் நிக்கலும் கலந்த போலியானால் 1.31 கிராமை எட்டும். ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை இன்றும் மோசடியைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் எண் திருத்திய 1938 ரூபாய் இச்சோதனையில் தேறிவிடும். ஏனெனில் அதன் வெள்ளி உண்மையானதே. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறக்கலாகாது. மேலும் இச்சோதனைகள் எல்லாம் காசு கைக்கு வந்த பின்னரே இயலும். ஆதலால் போலியென்று தெரிந்தால் திருப்பித் தரும் உரிமை உண்டா, எத்தனை நாளுக்குள் என்பதை விலை கூறுமுன்பே படித்தறிய வேண்டும்.

அடுத்து, காசின் நிலை. அமெரிக்கர் வில்லியம் செல்டன் 1949-இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான தர அளவே இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஒரே ஆண்டுக் காசு, தரத்தில் சில புள்ளிகள் உயர்ந்தால் விலையில் பல மடங்கு உயரக்கூடும். படத்திலோ ஒளியைச் சாய்த்துப் பாய்ச்சினால் தேய்மானம் மறைந்துவிடும், கீறல் ஒளிந்துகொள்ளும். தரம் மதிப்பிட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்களாகிய பி.சி.ஜி.எஸ். 1986-இலும் என்.ஜி.சி. 1987-இலும் அமெரிக்காவில் தொடங்கின. அவ்வுறைகளுக்கும் இப்போது போலி வந்துவிட்டது. உறையிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பார்த்து, அங்குள்ள படத்தோடு காசை ஒப்பிடுவதே தக்க காப்பு.

விற்போரும் இதில் ஒன்றை உணர வேண்டும். பாட்டியார் பெட்டியில் கிடைத்த காசைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை ஏறும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை நேர்மாறானது. காலம் பூசிய மேற்படலத்தைத் தேய்த்தழித்த காசைச் சேகரிப்போர் விரும்புவதில்லை. விளக்கிற்கு ஏற்றது காசுக்கு ஆகாது.

இனி ஏலத்தின் இயக்கத்தைக் காண்போம். பல தளங்களில் ஒருவர் தம் உச்ச விலையை முன்னதாகக் குறித்து வைக்கலாம். தளம் அதை வெளியிடாது. பிறர் கேட்கக் கேட்கத் தேவையான அளவே உயர்த்திக் கேட்கும். நீங்கள் 2,000 ரூபாய் எனக் குறிக்கிறீர்கள். மற்றவரின் உச்சம் 1,200. ஒவ்வொரு படியும் 50 ரூபாய் என்றால், காசு உங்களுக்கு 1,250 ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டாம் விலையை ஒட்டி நடைபெறும் ஏலத்தின் தத்துவத்தை 1961-இல் ஆராய்ந்து எழுதிய வில்லியம் விக்ரி 1996-இல் நோபல் பரிசு பெற்றார். தன் மனத்திலுள்ள உண்மை மதிப்பைக் கூறுவதே வாங்குவோனுக்கு நன்மை என்பது அவர் கண்ட முடிவு.

ஆனால் அந்த முடிவு நேர்மையான ஏலத்துக்கே பொருந்தும். விற்பவரின் நண்பர் வேறு பெயரில் நுழைந்து 1,950 வரை கேட்டுவிட்டால் நீங்கள் 2,000 கொடுக்க நேரும். இதுவே ஆள்வைத்து ஏற்றும் மோசடி. ஒரே விற்பவரின் பொருள்களுக்கே மீண்டும் மீண்டும் விலை கேட்டு, எதையும் வாங்காமல் விலகும் பெயரைக் கண்டால் ஐயுற வேண்டும். நீங்கள் தோற்ற பின், 'வென்றவர் விலகிவிட்டார், உங்கள் விலைக்கே தருகிறேன்' என்று உடனே கடிதம் வருமாயின், ஏற்ற வந்த ஆள் தவறி வென்றுவிட்டார் என்பதும் அதற்குக் காரணமாயிருக்கலாம்.

மோசடியே இல்லாத ஏலத்திலும் ஒரு குழி உண்டு. அதற்கு 'வென்றவனின் சாபம்' என்று பெயர். எண்ணெய் வயல் குத்தகை ஏலங்களை ஆராய்ந்த 3 அமெரிக்கப் பொறியியலாளர் 1971-இல் இதனை விளக்கினர். 1,000 ரூபாய் பெறும் ஒரு காசை ஐவர் 600, 800, 1,000, 1,200, 1,700 என மதிக்கின்றனர் என்க. சராசரி ஏறத்தாழச் சரியே. ஆயினும் வெல்பவர் 1,700 என மிகையாக மதித்தவரே. அவர் 1,200-க்கு மேல் கொடுத்துச் செல்வார். வெற்றி என்பதே பல சமயம் தவறான மதிப்பீட்டின் அடையாளம். இதனோடு ஏல நிறுவனத்தின் கழிவு, வரி, அஞ்சற் செலவு ஆகியவையும் சேரும். கழிவு நூற்றுக்கு 15 என்றால் 10,000 ரூபாய்க் காசு, வரிக்கு முன்பே 11,500 ஆகிவிடும். இவற்றை முன்னரே கழித்துத் தம் எல்லையை எழுதி வைத்துக்கொண்டு, கடைசி நிமிடப் பரபரப்பில் அதை மீறாதவரே அறிவுடையவர்.

விற்போர்க்கு வரும் இடரும் குறைவன்று. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய், 10 ரூபாய்க் காசுகளுக்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாக விளம்பரங்கள் உலவுகின்றன. அதை நம்பித் தொடர்புகொண்டால், பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று ஒவ்வொன்றாகக் கேட்பர். காசு விற்கப் போனவர் கைப்பணத்தை இழந்து திரும்புவார். சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டினர். இத்தகைய வாணிபத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், இதற்காகக் கட்டணமோ தரகோ பெற எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவர் பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஏலம் இல்லை, ஏமாற்றே உள்ளது எனத் தெளிக. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடவோ, கியூ.ஆர். கோடைப் படம்பிடிக்கவோ தேவையில்லை. அவை பணம் செலுத்துவதற்கு உரியவை. செலுத்தியதாகக் காட்டும் படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கில் தொகை சேர்ந்த பின்னரே காசை அனுப்ப வேண்டும். அனுப்புமுன் எடையைக் குறித்து, இருபுறமும் படமெடுத்து வைத்தால், வேறு காசை மாற்றித் திருப்பி அனுப்புவோரிடமிருந்து காத்துக்கொள்ளலாம். ஏமாந்தவர் நாணி ஒளியாமல் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிட வேண்டும்; காலம் கடந்தால் பணத்தை மீட்பது அரிது.

இவை எல்லாம் தனி மனிதரின் பண இழப்பு. இவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. ஒவ்வொன்றாக ஏலத்தில் சிதறியிருந்தால் அவை வெறும் பழுதுபட்ட காசுகளாகவே மதிக்கப்பட்டிருக்கும். ஒன்றாகக் கண்டதனால், வெட்டியவர் வேண்டுமென்றே ஒரு முறையைக் கையாண்டனர் என்பது விளங்கிற்று. காரணத்தை ஆராய வழியும் பிறந்தது. காசு கிடந்த மண்ணும், உடன் கிடந்த பொருளும், கிடைத்த இடமும் அதன் வரலாற்றின் பகுதிகள். இரவில் தோண்டி மறுநாள் விற்கப்படும் காசு தன் வரலாற்றை இழந்துவிடுகிறது.

சட்டமும் இதனைக் கருதியே அமைந்துள்ளது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் தொல்பொருள் ஆகும்; அதனைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவது குற்றம் என்பது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். இணையத்துக்கு எல்லை இல்லாமலிருக்கலாம், சட்டத்துக்கு உண்டு. ஆகவே 'எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது' என்று கேட்பது வாங்குவோரின் கடமை. அக்கேள்விக்கு விடை கூறத் தயங்குபவரிடம் வாங்காதிருப்பதே மேல்.

மாணவர்கள் காசு சேர்க்கும் ஆர்வத்தைக் கைவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. முதலில் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியைக் கண்டு, உண்மைக் காசின் தோற்றத்தைக் கண்ணுக்குப் பழக்குங்கள். காசை வாங்குமுன் காசைப் பற்றிய நூலை வாங்குங்கள். நாணயச் சங்கங்களின் கண்காட்சிக்குச் சென்று, கையிலெடுத்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏலத்தில் இறங்குவது அதற்குப் பின் ஆகட்டும். அதுவும் சிறு தொகையில் தொடங்கட்டும். இருவகை நாணயங்களுள் காசு தேய்ந்தாலும் தேயலாம். நேர்மையைத் தேயவிடாமல் காப்பதே அதைச் சேர்ப்போருக்கு அழகு.