மிஸ்ரு நாட்டு ஹஸீதுகளின் தலைவர்

‘ஹஸீது’ என்னும் ஹீப்ருச் சொல்லைக் கேட்கும் அரபு மாணவன் முதலில் தவறான பொருளையே நினைப்பான். அரபியில் ‘ஹஸத்’ என்றால் பொறாமை. ஹீப்ருவிலோ அதே ஒலியை ஒட்டிய ‘ஹெஸெத்’ என்பது பேரன்பைக் குறிக்கும். மார்க்கம் விதித்த கடமையோடு நின்றுவிடாமல் இறையன்பினால் அதற்கு அப்பாலும் செல்பவரே ஹஸீது. நம் வழக்கில் ஸாலிஹ், ஆபித், ஸாஹித் ஆகிய சொற்கள் இதற்கு அருகில் வரும்.

இன்று ஹஸீதுகள் என்றவுடன், 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் பஅல் ஷேம் தோவ் (மறைவு 1760) வழியாகத் தோன்றிய யூத இயக்கமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, மிஸ்ரில் அய்யூபிய சுல்தான்களின் ஆட்சியில், இதே பெயரால் அறியப்பட்ட ஒரு கூட்டம் வாழ்ந்தது. இரண்டும் வெவ்வேறு இயக்கங்கள்; பெயர் மட்டுமே பொது. அந்த மிஸ்ரு ஹஸீதுகளின் தலைவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் எழுதிய மொழி அரபி. அவர் வியந்து நோக்கிய முன்மாதிரிகள் நம் சூஃபியாக்கள். ஆகவே அவரது வாழ்வு நமக்கு அந்நியமான கதையன்று.

தந்தையின் நிழலில்

இப்ராஹீம் இப்னு மூஸா இப்னு மைமூன் 1186-இல் ஃபுஸ்தாத் நகரில் பிறந்தார். மேற்குலகம் ‘மைமோனிடிஸ்’ என்றழைக்கும் மூஸா இப்னு மைமூனின் ஒரே மகன் அவர். மார்க்கச் சட்டம், தத்துவம், மருத்துவம் ஆகிய மூன்றையும் தந்தையிடமே பயின்றார். 1204 டிசம்பரில் தந்தை மறைந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயதும் நிறையவில்லை. அந்த இளம் வயதிலேயே மிஸ்ரு யூதர்களின் தலைமைப் பொறுப்பு அவர்மீது வந்து அமர்ந்தது. அரபியில் ‘ரயீஸுல் யஹூத்’ என்றும், ஹீப்ருவில் ‘நாகித்’ என்றும் அப்பதவி அழைக்கப்பட்டது. எதிர்ப்புகள் இருந்தபோதிலும் 1237-இல் மறையும்வரை அப்பொறுப்பை அவர் சுமந்தார்.

வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமே அவருக்குக் கைகொடுத்தது. சுல்தான் அல்மலிக்குல் காமிலிடம் பணிபுரிந்ததோடு, கெய்ரோ மருத்துவமனையிலும் நோயாளிகளைக் கவனித்தார். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ, ஹிஜ்ரி 631 அல்லது 632-இல் அங்கே அவரைத் தாமே சந்தித்ததைப் பதிவு செய்துள்ளார். நெடிய, மெலிந்த உடல்வாகும், இனிய பழக்கமும், மென்மையான பேச்சும், மருத்துவத்தில் தேர்ச்சியும் உடையவராக அவரைக் கண்டதாகக் கூறுகிறார். வேற்றுச் சமயத்தவரான சக மருத்துவர் ஒருவரைப் பற்றிய இந்த நடுநிலையான பதிவு, அக்கால அறிஞர்களின் பண்பாட்டுக்கும் சான்றாகும்.

சூஃபியாக்களிடம் கண்டது என்ன?

சுல்தான் ஸலாஹுத்தீன் 1173-இல் கெய்ரோவில் சூஃபியாக்களுக்கென ஒரு கான்காஹ்வை அமைத்திருந்தார். கவிஞர் இப்னுல் ஃபாரிள் (மறைவு 1235) இப்ராஹீமின் சமகாலத்தவர்; அதே நகரில் வாழ்ந்தவர். இரவு வணக்கம், நோன்பு, தனிமை, ஷைகின் கைபற்றி நடத்தல் ஆகியவற்றை யூதர்களும் அன்றாடம் கண்முன்னே கண்டனர். அவர்களுள் சிலர் அதே பாதையைத் தம் மார்க்கத்திற்குள்ளேயே தேடினர். இப்ராஹீமின் மூத்த தோழரும், ‘ஹஸீது’ என்ற பட்டத்தாலேயே அறியப்பட்டவருமான இப்ராஹீம் இப்னு அபிர் ரபீஃ (மறைவு 1223) அவர்களுள் ஒருவர். எனவே மைமூனின் பேரரான நம் இப்ராஹீம் இக்கூட்டத்தைத் தோற்றுவித்தவர் அல்லர்; அதற்கு அறிவின் துணையையும் பதவியின் பாதுகாப்பையும் அளித்தவர்.

அவரது பெருநூல் ‘கிஃபாயத்துல் ஆபிதீன்’. அரபி மொழியில், ஹீப்ரு எழுத்துகளில் எழுதப்பட்டது. அதன் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. இக்லாஸ், பணிவு, தவக்குல், போதுமென்ற மனம், ஸுஹ்து, முஜாஹதா, கல்வத்து என அதன் பாடங்கள் விரிகின்றன. இமாம் கஸ்ஸாலியின் (மறைவு 1111) ‘இஹ்யா’வைப் பயின்றவர்களுக்கு இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வீட்டு முற்றம்போலப் பழகியவை.

இந்நூலில் அவர் முன்வைக்கும் வாதம் துணிச்சலானது. சூஃபியாக்களின் நடைமுறைகள் பல, பனூ இஸ்ராயீலின் பண்டைய நபிமார்களிடம் இருந்தவையே; தம் சமூகம் அவற்றை இழந்துவிட்டது, சூஃபியாக்களோ பேணி வருகின்றனர் என்கிறார். ஷைகு தம் முரீதுக்குக் கிர்க்கா அணிவிப்பதைக் காணும்போது, நபி இல்யாஸ் தம் மேலாடையை அல்யஸஃ மீது போர்த்திய நிகழ்ச்சியை அவர் நினைவூட்டுகிறார். அயலாரிடமுள்ள நன்மையைக் கண்டு பொறாமைப்படவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தம் மக்களின் குறைக்காக வருந்தினார். அதே வேளை, தம் வேதத்தின் வாயிலாகவே அந்நன்மையை அடைய முயன்றார்.

வணக்கத்தில் சீர்திருத்தம்

அவர் காலத்து யூத ஆலயங்களில் மக்கள் சுவரோரம் சாய்ந்து, ஒருவரையொருவர் நோக்கி அமர்வது வழக்கமாக இருந்தது. இறைவன் முன் நிற்பவருக்கு இது தகாது என அவர் கருதினார். வரிசையாக பைத்துல் முகத்தஸை நோக்கி அமர்தல், மண்டியிடுதல், ஸுஜூது செய்தல், வணக்கத்துக்கு முன் கைகளோடு கால்களையும் கழுவுதல் ஆகியவற்றை வலியுறுத்தினார். முஸ்லிம்களைப் பின்பற்றுவதாகக் குற்றம் எழுந்தது. பிறர் மேற்கொண்டுவிட்டனர் என்பதற்காக நம் முன்னோர் வழியை நாம் துறக்க வேண்டியதில்லை என்பதே அவரது மறுமொழியின் சாரம்.

எதிர்ப்பாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. யூத மார்க்கத்தில் பித்அத்தைப் புகுத்துவதாகச் சுல்தான் அல்மலிக்குல் ஆதிலிடம் (மறைவு 1218) முறையிட்டனர். திம்மிகள் தம் மரபிலிருந்து விலகிப் புதுமை செய்வதை அரசும் விரும்பாத காலம் அது. ஆகவே இம்முறையீடு பதவியையே பறிக்கவல்லது. இப்ராஹீம் சுமார் 200 பேரின் கையொப்பத்துடன் விளக்கம் அளித்தார். இப்பழக்கங்கள் தமது சொந்த வணக்கத்தலத்தில் மட்டுமே நடைபெறுகின்றன, எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை என்பது அவ்விளக்கம். தலைவரின் கையில் அதிகாரம் இருந்தது. ஆனால் உள்ளத்தின் வணக்கத்தை அதிகாரத்தால் வாங்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தனிமையை விரும்பியவரின் பொதுவாழ்வு

இறைவனின் பெயர் தாங்கிய ஏடுகளை எறிந்துவிடாமல் சேமித்து வைப்பது யூதர் மரபு. ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா ஆலயத்தில் இவ்வாறு குவிந்த ‘கெனீஸா’ ஏடுகளை ரப்பி ஷெக்டர் 1896-97-இல் ஆராய்ந்து, பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் இப்ராஹீம் தம் கைப்படவே எழுதிய தாள்களும் உள்ளன. பொதுநிதியிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க என்னும் ஆணைகள், வழக்குகளுக்கான தீர்வுகள் என அவை நீள்கின்றன. கல்வத்தின் சிறப்பை எழுதிய அதே கை, ஏழைகளின் கணக்கையும் எழுதியது. இந்த இரண்டையும் ஒருசேரச் சுமந்ததுதான் அவரது தலைமையின் உண்மையான கடினம்.

அவ்வழியின் ஆபத்தைக் காட்டும் கடிதம் ஒன்றும் அங்கே கிடைத்தது. 14-ஆம் நூற்றாண்டில், இப்ராஹீமின் வழித்தோன்றலான நாகித் தாவூதுக்கு ஒரு பெண் எழுதிய மனு அது. அவளது கணவர் மலைமீதிருந்த சூஃபி ஷைகு ஒருவரிடம் மனத்தைப் பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளையும் வீட்டையும் மறந்துவிட்டார். குடும்பத்தோடு மலையில் குடியேற எண்ணுகிறார். தன் பிள்ளைகள் மார்க்கத்தை இழந்துவிடுவார்களோ என அவள் அஞ்சுகிறாள். முஸ்லிம் வாசகருக்கு அந்த ஷைகின் ஈர்ப்பு பெருமையாகத் தோன்றலாம். ஆனால் அவளது கண்ணீரும் உண்மையானது. இத்தகைய வீடுகளின் கவலைக்கும் ஆன்மிக வேட்கைக்கும் இடையில்தான் அத்தலைவர்கள் நின்றனர்.

எஞ்சிய பாடம்

இப்ராஹீமின் மகன் தாவூத் (மறைவு 1300), ‘அல்மகாலத்துல் ஹவ்ளிய்யா’வை எழுதிய மற்றொரு மகன் உபைதுல்லாஹ் (ஓபத்யா) எனக் குடும்பம் அவ்வழியைத் தொடர்ந்தது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் தலைமையும் அவர்களிடமே இருந்தது. ஆயினும் வணக்கச் சீர்திருத்தம் பொதுமக்களிடம் வேரூன்றவில்லை. இயக்கம் மங்கி மறைந்தது.

அவரை ‘மறைமுக முஸ்லிம்’ என்று உரிமை கொண்டாடுவது அவருக்கும் உண்மைக்கும் இழைக்கும் அநீதி. அவர் யூதராகவே வாழ்ந்தார், யூதராகவே மறைந்தார். வேதமுடையோர் யாவரும் ஒரே தரத்தினர் அல்லர் என ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 113-ஆம் வசனம் உணர்த்துகிறது. அவர்களுள் இரவில் நின்று வணங்குவோரையும் அது நினைவுகூர்கிறது. இப்ராஹீம் நம் முன்னோரைக் கண்ட கண்ணில் நேர்மை இருந்தது. அதே நேர்மையோடு பிறரை நோக்கும் கண் நம்மிடம் உள்ளதா என்பதே இவ்வரலாறு நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வி. வல்லாஹு அஃலம்.