கடலைக் காப்பது யார்? மன்னார் வளைகுடாப் பெண்கள் சொல்லும் பாடம்



2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதை அடுத்த கடலோரங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. சேலையூரில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "ஏம்மா, இங்க மனுஷங்க பொழப்பே திண்டாட்டமா இருக்கு. ஆமையக் காப்பாத்தறோம், பவளப்பாறையக் காப்பாத்தறோம்னு கடலுக்கு வேலி போட்டா, கடல நம்பி இருக்கறவங்க எங்க போவாங்க?"

நியாயமான கேள்விதான். பதில் தேடி நாம் ராமநாதபுரம் வரை போய் வர வேண்டும்.

கடல் பூங்கா என்றால் என்ன?

ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் இருக்கின்றன. இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு, மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைக்க வேண்டாம். காட்டில் புலிக்கும் யானைக்கும் சரணாலயம் இருப்பது போல இது கடலில் உள்ள உயிர்களுக்கானது.

இங்கே 4,000-க்கும் மேற்பட்ட வகை உயிரினங்கள் வாழ்கின்றன. பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை, டால்பின், கடல் பசு எல்லாம் உண்டு. கடல் பசுவை அந்தப் பக்கத்து மக்கள் ஆவுளியா என்பார்கள். நம் பசு மாதிரியே அதுவும் புல் மேயும். கடலுக்கு அடியில் வளரும் கடற்புல்தான் அதற்கு உணவு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒரே ஒரு குட்டிதான் போடும். அதனால்தான் ஒன்று வலையில் சிக்கிச் செத்தால்கூட பெரிய இழப்பு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடல் பசுவுக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் பாதுகாப்பகம் இதுதான்.

காப்பாற்றுவதால் யாருக்கு லாபம்?

குழுச் சேமிப்பை நினைத்துப் பாருங்கள். அசலை வங்கியில் வைத்துவிட்டு வட்டியை மட்டும் எடுத்தால் பணம் என்றைக்கும் இருக்கும். அசலிலேயே கை வைத்தால் இரண்டு வருஷத்தில் பாஸ்புக் காலி. பவளப்பாறையும் கடற்புல்லும் கடலின் அசல். மீன்கள் அங்கேதான் முட்டையிடுகின்றன, குஞ்சுகள் அங்கேதான் ஒளிந்து வளர்கின்றன. வளர்ந்து வெளியே வரும் மீன்தான் வட்டி. அதைத்தான் நாம் சந்தையில் வாங்கிக் குழம்பு வைக்கிறோம்.

அசலில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தீவுகளே காட்டிவிட்டன. பல வருஷம் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே மூழ்கிவிட்டன. 2001-ல் பவளப்பாறை எடுப்பதைச் சட்டம் தடை செய்தது. 2004 சுனாமியைப் பார்த்த பிறகுதான் பாறையின் அருமை மக்களுக்கு முழுதாகப் புரிந்தது.

பாசி எடுக்கும் பெண்களுக்கு வந்த சோதனை

அக்கா கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். இந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுப்பது பரம்பரையாகப் பெண்களின் தொழில். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பல வகை உண்டு. ஐஸ்கிரீம், ஜெல்லி, மருந்து என்று பலவற்றில் சேரும் அகர், மரிக்கொழுந்து போன்ற பாசியில் இருந்துதான் வருகிறது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, சேலையோடு கடலில் மூழ்கி எடுப்பார்கள். பாறை கிழிக்கும், சொறி மீன் கடிக்கும், உப்புத் தண்ணீரில் கண் எரியும்.

பூங்கா வந்ததும் இவர்கள் பாட்டி காலத்தில் இருந்து போய் வந்த தீவுகள் தடை செய்யப்பட்ட இடம் ஆகிவிட்டன. கோடு எங்கே என்று கடலில் எழுதியா இருக்கிறது? போனால் வழக்கு, அபராதம், படகு பறிமுதல் என்ற பயம். போகாவிட்டால் அடுப்பு எரியாது. காப்பாற்றுகிற திட்டத்தை வகுக்கும்போது அங்கேயே பிழைக்கிற பெண்களைக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களுடைய மனக்குறை.

அவர்களே போட்ட தீர்மானம்

அவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. ஊர் ஊராகச் சங்கமாகச் சேர்ந்தார்கள். "கடல் அழிஞ்சா முதல்ல பட்டினி கிடக்கறது நாங்கதான்" என்று சொல்லித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் கடலுக்கு ஓய்வு. இரும்புச் சுரண்டியால் பாறையைச் சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். அடியோடு பிடுங்காமல் விட்டால் பாசி மறுபடியும் துளிர்க்கும் அல்லவா?

இந்த முயற்சியில் முன்நின்றவர்களில் ஒருவர், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி. 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் பரிசை அவருக்கு அளித்தது. பாசி எடுக்கும் ஒரு பெண் உலக மேடையில் நின்றது நம் எல்லோருக்கும் பெருமை.

குழுக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று

மாற்றுத் தொழிலாக அங்கே பல சுய உதவிக் குழுக்கள் கடன் வாங்கி, மூங்கில் தெப்பத்தில் வெளிநாட்டுப் பாசி ஒன்றை வளர்த்தன. ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்று பெயர். நல்ல வருமானமும் கிடைத்தது. ஆனால் 2008-ல் அந்தப் பாசி குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்து அதை மூடுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். எந்தத் தொழிலுக்குக் கடன் கேட்டாலும், "இதனால் நம் நிலம், தண்ணீருக்கு என்ன ஆகும்?" என்ற கேள்வியும் தீர்மான நோட்டில் ஏற வேண்டும் என்பது இதில் நமக்குப் பாடம்.

சேலையூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் அடுத்தடுத்த ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலைத் தொடுகிறது. இன்று நாம் வாய்க்காலில் வீசும் கேரி பேக் நாளை கடலில் மிதக்கும். ஆமைக்கு அது சொறி மீன் மாதிரித் தெரியும். விழுங்கினால் குடல் அடைத்துச் சாகும்.

ஆமை நம்மைப் போல மூச்சு விடும் பிராணி. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சு முட்டித்தான் அன்றைக்கு அவை இறந்தன என்கிறார்கள் ஆய்வாளர்கள். கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் சிக்கிய ஆமை தப்பிக்க வழி வைக்கும் கருவியும் இருக்கிறது. இரண்டையும் நடைமுறைப்படுத்தினால் ஆமையும் பிழைக்கும், சிறு படகுக்காரர்களுக்கும் மீன் மிஞ்சும்.

நாம் செய்யக் கூடியவை

1. குப்பையை ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டுவதில்லை என்று குழுவில் தீர்மானம் போடுங்கள்.

2. சுற்றுலா போகும்போது பவளம், சங்கு என்று கடல் பொருள் வாங்கும் முன் விசாரியுங்கள். பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

3. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலோரத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறினால் சலித்துக்கொள்ள வேண்டாம். அது கடல் போடும் சேமிப்பு.

4. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடக் கரைக்கு வரும் காலம். முட்டையையோ குஞ்சையோ கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு எங்கள் பதில் இதுதான்: வேலி மட்டும் கடலைக் காப்பாற்றாது. அங்கே பிழைப்பவர்களைக் கூட உட்கார வைத்துப் பேசி விதி போட்டால்தான் கடலும் நிற்கும், பிழைப்பும் நிற்கும். சின்னப்பாலத்துப் பெண்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இதை உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பேசுங்கள். நம் ஏரிக்கு நாம் என்ன விதி போடலாம் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.