மலை வீட்டுக்கு வாங்கும் பொருள்கள்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்து அட்டுவம்பட்டி என்னும் ஊர் உள்ளது. 1984ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்கே இருத்தலின், வெளியூரார் பலரும் இவ்வூரை அறிவர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதி இது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையும், அதனோடு மூடுபனியும் வீட்டினுள்ளே ஈரத்தைக் குடியேற்றிவிடும்.

இவ்வூர்க் குடும்பம் ஒன்று, காரட்டும் பூண்டும் விற்றுச் சேர்த்த பணத்தால் அலமாரி ஒன்று வாங்க விழைகின்றது என்று கொள்வோம். சித்திரைத் திங்களில் மதுரைக் கடையொன்றில் பார்க்கும்பொழுது இழுப்பறை வழுக்கி ஓடும். கதவு மயிரிழையும் இடைவெளியின்றிப் பொருந்தும். அதனையே சிறப்பென்று கருதி வாங்குவர். ஐப்பசியிலோ இழுப்பறை இறுகிப்போய் இழுக்க வாராது. பழி தச்சன்மேல் விழும். அவனோ வெயில் நாட்டு மரத்தை வெயில் நாட்டு முறையில் இழைத்தவன். பொருள் போகும் இடத்தை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதும் வெளிவிடுவதுமாகவே இருக்கும். நார் ஓடும் நீளவாக்கில் அதன் அளவு பெரிதும் மாறுவதில்லை. அகலவாக்கிலேயே வீங்கும், சுருங்கும். ஆதலின், மலைக்குக் கொண்டுபோகும் பொருள் என்று முன்னரே கூறி, இழுப்பறையின் இருமருங்கும் சிறிது இடைவெளி விடச் செய்தல் வேண்டும். இதற்கு மாறாக, மலையில் பச்சையாக அறுத்த யூகலிப்டஸ் பலகையை மலிவென்று வாங்கினால், அது உலருந்தோறும் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கவும் கூடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இன்னும் இடர் தருவது. ஈரத்தில் ஒருமுறை ஊதிவிட்டால், காய்ந்தபின் அது பழைய நிலைக்கு மீள்வதில்லை. முகப்பின் மெருகு இவற்றுள் ஒன்றையும் காட்டாது. அலமாரியைத் திருப்பி முதுகுப் பலகையையும் அடிப்பகுதியையும் பார்க்க விடாத கடைக்காரரிடம் வாங்காதிருத்தலே நலம்.

தவணை முறையும் ஆராயத்தக்கது. 30,000 ரூபாய்ப் பொருளுக்கு மாதம் 2,900 ரூபாயாகப் பன்னிரண்டு தவணை என்றால், கொடுக்கும் தொகை 34,800 ரூபாய். மிகுதி 4,800 ரூபாய். நூற்றுக்குப் பதினாறு வட்டி என்றே தோன்றும். ஆயின் கடன் மாதந்தோறும் குறைந்து வருதலின், உண்மையான வட்டி அதன் இருமடங்கை நெருங்கும்.

இனி, விரிப்பு. பவானிச் சமுக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் ஆண்டின் சட்டம் சமுக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. எனினும் விசைத்தறியில் நெய்தவையும் பவானியின் பெயரால் விலையாகின்றன. கைத்தறி முத்திரையைப் பார்த்தோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்சிலோ வாங்குதல் தக்கது. நெய்தவனின் கூலியும் அவ்விலையில் அடங்கியுள்ளது.

சுவருக்கு வண்ணம் பூசுவோரிடம் பேசுங்கால், மொத்தத் தொகை பேசுதல் கூடாது. சதுர அடிக் கணக்கே பேசவேண்டும். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடிக் கதவு ஒன்றும், 4 அடிக்கு 3 அடிச் சாளரம் இரண்டும் கழித்தால் 395 சதுர அடியே. எத்தனை பூச்சு, வண்ணம் யாருடையது, சுரண்டும் கூலி சேர்ந்ததா என்பவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஈரச் சுவரின்மேல் பூசிய வண்ணம் சில திங்களிலேயே தோலாய் உரியும். முதற்கண் ஒழுகும் கூரையைச் சரிசெய்தல் வேண்டும். ஐப்பசியில் வந்து, "இந்த வாரமே முடித்துத் தருகிறேன்" என்பாரை, மாசி பங்குனியில் சுவர் உலர்ந்தபின் வருமாறு சொல்லி அனுப்பலாம்.