பரணிக்குள் ஒரு ஒயின் ஆலை

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை பீர்மேட்டு வீடுகளில் கிறிஸ்துமஸ் ஒயினாகிறது. ருசிக்கிறவர்கள் பலர். சட்டம் மட்டும் முகம் சுளிக்கிறது.

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில், சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது பீர்மேடு. திருவிதாங்கூர் மன்னர்கள் கோடையைக் கழித்த ஊர். தேயிலைச் சரிவுகள், ஏலத் தோட்டங்கள், தமிழ் பேசும் தொழிலாளர்களின் லயங்கள் எல்லாம் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகிற காட்சிகள். அவர்கள் கண்ணில் படாத ஒன்றும் உண்டு. டிசம்பர் நெருங்கும்போது இங்குள்ள கிறிஸ்தவ வீடுகளில், சமையலறையின் இருண்ட மூலையில், துணியால் வாய் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கும் பீங்கான் ஜாடி. மலையாளத்தில் பரணி. மாங்காய் ஊறுவதும் பரணியில்தான், ஒயின் ஊறுவதும் பரணியில்தான்.

இதை ஒயின் ஆலை என்றால் நாசிக்காரர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் குடும்பம் நடத்தும் ஆலை என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது. செய்முறை மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறுகிறது. உற்பத்தி ஆண்டுக்கு ஒரு முறை. வாடிக்கையாளர்கள், பண்டிகைக்கு வரும் உறவினர்கள்.

இந்த ஒயினின் கதை தண்ணீரில் தொடங்குகிறது. 1895ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில். அங்கே தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பித் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரங்களில் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. நாட்டின் பிற பகுதிகளில் ஆண்டுக்கு ஓர் அறுவடை என்றால், இங்கே கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் குலை வெட்டுகிறார்கள். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைந்ததில் கணிசமான பகுதி லாரியேறிக் குமுளி மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. பீர்மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர், பழமாகி மீண்டும் மலையேறுகிறது என்று சொல்லலாம்.

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இந்தப் பக்கம் அதைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது உள்ளூர் வழக்கு. பெரும்பாலான நாடுகளில் இது சாப்பிடும் பழம்தான். ஆனால் சீனாவின் தியான்ஜின் பகுதியில், 1980ல் பிரெஞ்சுக் கூட்டுடன் தொடங்கப்பட்ட டைனஸ்டி நிறுவனம் இதே ரகத்திலிருந்து வெள்ளை ஒயின் தயாரித்துப் பெயர் வாங்கியது. ஆக, இது ஒயினுக்கு லாயக்கில்லாத பழம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பீர்மேட்டுச் செய்முறை எளிது. திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பரணியில் போட்டு மசிக்க வேண்டும். பழத்தின் எடையில் பாதியோ, சரிசமமோ சர்க்கரை. கொதித்து ஆறிய தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு, ஏலக்காய். ஒரு பிடி கோதுமை சேர்ப்பவர்களும் உண்டு. தினம் ஒரு முறை காய்ந்த மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். 21 நாள் கழித்து வடிகட்டி, இன்னொரு 21 நாள் அசையாமல் வைத்தால் தெளிந்துவிடும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அதனால்தான் வாயை இறுக்கி மூடாமல் துணி கட்டுகிறார்கள். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் பாத்திரம் வெடிக்கும்.

ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். பரணியில் கொட்டுகிற சர்க்கரை இந்தக் கணக்கைத் தாண்டியது. ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட்டே செயலிழந்துவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். வீட்டு ஒயின் தித்திப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

சரி, ருசி? முதலில் நிறம். பன்னீர் திராட்சை பெரிய பழம். சாறு அதிகம், தோல் குறைவு. சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தருவது தோல் என்பதால், இந்த ஒயின் இயல்பில் வெளிர் சிவப்பு. கருஞ்சிவப்பாகத் தெரிந்தால், கருக்கிய சர்க்கரை கை கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது வாசனை. மஸ்கட் வகைத் திராட்சையில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் ரோஜாவிலும் இருக்கிறது. பன்னீர் என்று பெயர் வைத்தவர்களின் மூக்கு ரசாயனம் படிக்காமலே சரியாகச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பின்னால் பட்டையும் கிராம்பும் வரும். காடி நெடி முந்திக்கொண்டு வந்தால், பரணிக்குள் காற்று அதிகம் புகுந்துவிட்டது. மலைக் குளிரில் நொதித்தல் மெதுவாக நடப்பது வாசனைக்கு நல்லது. நாக்கில் தித்திப்பு, பின்பு லேசான புளிப்பு. துவர்ப்பு அநேகமாக இல்லை. சின்ன கிளாஸில், பிளம் கேக்குடன் குடிக்க வேண்டிய பானம்.

சிக்கல் இனிமேல்தான். கேரள அப்காரிச் சட்டம் கொல்லம் ஆண்டு 1077ல், அதாவது 1902ல் பிறந்தது. உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது குற்றம். 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2019 டிசம்பரில் கலால் துறை இதை ஞாபகப்படுத்தியபோது கேரளமே அதிர்ந்தது. பாட்டியின் பரணியும் கள்ளச்சாராய அடுப்பும் ஒரே தராசிலா என்ற கேள்வி எழுந்தது.

2022ல் சிறு ஒயின் ஆலைகளுக்கென்று கேரளம் தனி விதிகள் கொண்டுவந்தது. பழ விவசாயிகளுக்கு இது நல்ல செய்தி. கேரள வேளாண் பல்கலைக்கழகமும் ‘நிலா’ என்ற பெயரில் அன்னாசி, வாழைப்பழ ஒயின்களைத் தயாரித்துக் காட்டியது. ஆனால் விதிகளின் பெயரிலேயே நிபந்தனை இருக்கிறது: கேரளத்தில் விளைந்த பொருளாக இருக்க வேண்டும். கம்பத்துத் திராட்சை எல்லைக்கு வெளியே நிற்கிறது.

எல்லையின் இந்தப் பக்கமும் கதவு திறந்தில்லை. தமிழ்நாட்டில் மதுவின் மொத்த விற்பனை 1983 முதலும், சில்லறை விற்பனை 2003 முதலும் டாஸ்மாக்கின் கையில். விலை சரியும்போதும், மழையில் பழம் வெடிக்கும்போதும், ஒயின் ஆலை வேண்டும் என்று கம்பம் விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மகாராஷ்டிரம் 2001லும் கர்நாடகம் 2007லும் ஒயினுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தன. நாசிக்கில் குடும்ப ஆலைகள் தோட்டத்து வாசலிலேயே ருசி பார்க்க வைத்து விற்கின்றன. அங்கும் எல்லாம் தேனாறாக ஓடவில்லை. ஒரு குடும்பம் தொடங்கிய யார்க் ஒயின் ஆலையை 2021ல் சுலா நிறுவனம் வாங்கிவிட்டது. சிறியவர்கள் நிலைக்க உரிமம் மட்டும் போதாது, சந்தையும் வேண்டும்.

குடிப்பழக்கத்தால் குடும்பங்கள் சீரழிவதைப் பார்த்த இரு மாநிலங்களும் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் தெருவுக்குத் தெரு கடை வைத்துக் கடுஞ்சரக்கு விற்கிற அரசு, விவசாயியின் பழ ஒயினைக் கண்டு பயப்படுவதில் என்ன நியாயம்? அளவுக்கு உச்சவரம்பு, தரப் பரிசோதனை, சிறியவர்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணம் ஆகிய மூன்றும் இருந்தால் கம்பத்துத் தோட்டக்காரருக்கும் பீர்மேட்டுப் பரணிக்காரருக்கும் வழி பிறக்கும். அதுவரை தண்ணீர் கிழக்கே இறங்கும், பழம் மேற்கே ஏறும், பரணி மூலையில் ஒளிந்திருக்கும்.